ஹீட்டரை இப்போதைக்கு அனுப்பாதே

நோர்வூட்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது மச்சான். மகள் அதற்குள் ஓ.எல். வகுப்புக்கு வந்துவிட்டாளா! இங்கே மூன்று வாரமாக விடாத மழை. இஸ்தோப்பில் காயப்போட்ட சட்டை நாலு நாளாக அப்படியே ஈரமாகத் தொங்குகிறது.

அம்மாவுக்குக் குளிர் தாங்கவில்லை என்று குளிக்கிற ஹீட்டர் வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். நல்ல காரியம்தான். ஆனால் நான் சொல்லும்வரை அதை லொறியில் ஏற்றிவிடாதே.

போன மாதம் என் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தது. தூக்கிவிட்டால் அரை மணி நேரம் நிற்கும், மறுபடி பொத்தென்று விழும். மூன்றாம் நாள் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கரண்ட் வேலை செய்கிற பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இந்தச் சனியனைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிடு" என்றேன். அவன் சிரித்தான். எல்லாப் பிளக்கையும் பிடுங்கச் சொன்னான், சின்ன சுவிட்சுகளை எல்லாம் கீழே தள்ளிவிட்டு ஒவ்வொன்றாகத் தூக்கினான். குளியலறைப் பக்கத்துச் சுவிட்சைத் தூக்கியதும் விழுந்தது. போய்ப் பார்த்தால், தகரத்தின் ஆணி ஓட்டை வழியாக இறங்கிய மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே வந்து பல்ப் ஹோல்டருக்குள் நிற்கிறது! சுவரும் ஊறிப்போயிருந்தது. அந்தச் சுவரில் கை ஊன்றித்தான் தினமும் கால் கழுவுகிறேன்.

போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்பதைத்தான் அந்த சுவிட்ச் பார்க்கிறதாம். ஈரச் சுவர் வழியாகவோ நம் உடம்பு வழியாகவோ 30 மில்லி ஆம்பியர் ஒழுகினாலே கண் இமைப்பதற்குள் வெட்டிவிடும். மற்ற சின்ன சுவிட்சுகள் வயர் கருகாமல் காப்பாற்றத்தான். மனிதனைப் பிடித்த கரண்ட் அவற்றுக்குத் தெரியாது. ட்ரிப் சுவிட்சில் ஒரு குட்டிப் பொத்தான் இருக்கிறதே, மாதம் ஒருமுறை அதை அமுக்கி விழுகிறதா என்று பார்க்கவேண்டுமாம். வீடு கட்டியதிலிருந்து நான் அதைத் தொட்டதே இல்லை.

அந்தப் பயத்தோடுதான் பௌர்ணமிப் போயா அன்று, தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய உங்கள் லயத்து வீட்டுக்குப் போனேன். அம்மா வழக்கம்போல இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தார். கேத்தல் எங்கே சொருகியிருக்கிறது தெரியுமா? பழைய 5 ஆம்பியர் பிளக்கில், ஒரு அடாப்டர் போட்டு. தொட்டுப் பார்த்தேன், அடாப்டர் சுட்டது. 1,500 வாட் கேத்தலே ஆறரை ஆம்பியர் இழுக்கும், அந்தப் பிளக் என்ன செய்யும் பாவம். பக்கத்திலேயே 13 ஆம்பியர் பிளக் ஒன்று இருக்கிறது. அதன் மேல் ஓட்டையில் ஈர்க்குக் குச்சியைக் குத்தி, ரெண்டு முள் சார்ஜரைச் சொருகி வைத்திருக்கிறான் உன் தம்பி மகன். எர்த் முள் போகவேண்டிய ஓட்டை அது.

நீ வாங்கியிருப்பது 3,500 வாட் என்றால் 15 ஆம்பியருக்கு மேலே வரும். உங்கள் லயத்துக் காம்பராவில் (அறையில்) ஓடுகிற வயர் நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் ரெண்டு பல்புக்கும் ஒரு ரேடியோவுக்கும் இழுத்தது. ஹீட்டருக்கு மெயினிலிருந்து தனியாகத் தடித்த வயர் வேண்டும், மண்ணில் இறக்கிய எர்த் வேண்டும், ட்ரிப் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். இது அம்மா ஒருவரோடு முடிகிற விஷயமும் இல்லை. ஒரே கூரையின் கீழ் அத்தனை காம்பரா. லயத்தில் தீ என்று செய்தி வந்தால் கீழே "மின்ஒழுக்கு" என்று ஒரு வார்த்தை இருக்கும், நாமும் படித்துவிட்டு அடுத்த பக்கம் போவோம்.

வேடிக்கையைப் பார். இந்த மழைதான் காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்பி, நோர்ட்டன்பிரிட்ஜ் மின்நிலையத்தில் 1965இலிருந்து கரண்டாகிறது. அதே மழைதான் நம் வீட்டு ஹோல்டருக்குள்ளும் இறங்குகிறது.

தம்பி மகனிடம் ஒன்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்: யாரையாவது கரண்ட் பிடித்தால் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்காதே, முதலில் மெயினை அணை, அப்புறம் அம்புலன்சுக்கு, 1990க்கு அடி. குச்சியையும் பிடுங்கி எறிந்துவிட்டேன். மறுநாளே திரும்பக் குத்தியிருப்பான், உன் ரத்தம்தானே!

வரும் சனிக்கிழமை அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போகிறேன். வயருக்கும் கூலிக்கும் எவ்வளவு என்று எழுதுகிறேன், சல்லியைத் தயாராக வைத்துக்கொள். அதுவரை ஹீட்டர் பெட்டியிலேயே இருக்கட்டும். கடை ரசீதைத் தொலைத்துவிடாதே.

அன்புடன்,
ராஜு