நைட் டியூட்டி பார்ப்பவர்களுக்கும் தியானம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தியானம் பற்றி நம் நாளிதழில் வரும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். விடியற்காலையில் எழுந்து, குளித்து, தனியறையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். நான் மருத்துவமனையில் ஷிப்ட் வேலை பார்க்கும் செவிலியர். நைட் டியூட்டியில் விடியற்காலை என்பது ரத்தம் எடுத்து, காய்ச்சல் பார்த்து, அடுத்த ஷிப்டுக்குக் குறிப்பு எழுதும் நேரம். என்னைப் போன்றவர்கள் 'சரி, இது நமக்கில்லை' என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். அதுதான் என் வருத்தம்.

என் தியானம் பாதி கை கழுவும் குழாயடியில் நடக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவ 40 முதல் 60 வினாடி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டியூட்டியில் எத்தனையோ முறை கழுவுகிறோம். அந்த நேரம் முழுக்க கவனத்தைத் தண்ணீரிலும் விரல்களிலும் மூச்சிலும் வைக்கிறேன். (கட்டைவிரலும் நகக்கண்ணும் விடுபடாமல் சுத்தமாவது கூடுதல் லாபம்.) மனம் சற்றுமுன் பார்த்த நோயாளியின் பிரஷருக்கு ஓடும். தெரிந்ததும் திரும்பக் கூட்டி வருவேன். அப்படிக் கூட்டி வருவதுதான் பயிற்சியே. இதை யாரும் எடுத்துச் சொல்லாததால்தான் பலர் 'எனக்கு மனசு நிற்கவே மாட்டேங்குது' என்று விட்டுவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து சீருடை மாற்றியதும் பத்து நிமிடம் உட்காருவேன், மணி எதுவானாலும். நேரம் மாறிக்கொண்டே இருக்கும். சீருடை மாற்றுவது மாறாது. 2010-இல் அச்சான லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்று, சாப்பாடு, உடற்பயிற்சி போன்ற புதுப் பழக்கங்கள் தானாக வர ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணித்தது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை என்றும் சொன்னது. தியானத்தைத் தொடங்கிவிட்டு, ஒருநாள் தவறியதற்காகவே கைவிடுகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் ஒன்று: மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெறுபவர்கள் தியானத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இந்த வரி ஒவ்வொரு தியானக் கட்டுரையிலும் இருக்கட்டும்.

கைக்குழந்தையோடு இருப்பவர்கள், படுக்கையில் இருக்கும் பெற்றோரைக் கவனிப்பவர்கள், இரவில் வண்டி ஓட்டுபவர்கள் எல்லாம் எந்த இடைவெளியில் எப்படி உட்காருகிறார்கள் என்று அவர்களையே எழுதச் சொல்லி வெளியிடுங்கள், ஐயா. எங்கள் வார்டிலிருந்தும் எழுத ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்