முரளிக்கு, பைட் விஷயமாக

அன்புள்ள முரளி,

இங்கே எல்லோரும் நலம். பதில் போடத் தாமதித்ததற்கு நீ திட்டுவதை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது உன் புலம்பலுக்கு வருகிறேன்.

நீ சோதிக்கிற புரோகிராமுக்கு பைத்தானின் பிரிண்ட் வழியாக 255 என்று ஒரே ஒரு பைட் அனுப்பினால் மூன்றாகப் போய்ச் சேருகிறது என்று எழுதியிருந்தாய். பாவம், அந்த புரோகிராமைத் திட்டாதே. பைத்தான் 3-இல் பிரிண்ட் அனுப்புவது எழுத்தை, பைட்டை அல்ல. 255-ஐ எழுத்தாகக் கொடுத்தால் அது யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டாக்கும் முறை) ஆகி, ஹெக்ஸில், அதாவது பதினாறடி எண்ணில், சி3, பிஎஃப் என்று இரண்டு பைட்டாக வெளியே வரும். பின்னால் வரும் 0ஏ, பிரிண்ட் தானாகச் சேர்க்கிற நியூலைன், அதாவது வரி முடிவுக் குறி. 127 வரை இந்த வித்தியாசம் தெரியாது, அதனால்தான் இத்தனை நாள் தப்பித்தாய்.

இதற்கு பைத்தானே வேண்டாம். ஷெல்லில் (கட்டளை அடிக்கிற இடத்தில்) பிரிண்ட்எஃப் போட்டு, சிங்கிள் கோட்டுக்குள் பேக்ஸ்லாஷ் 377 என்று எழுது. அது ஆக்டல் (எட்டடி எண்), நம் கணக்கில் 255. உனக்கு ஹெக்ஸ்தான் பிடிக்கும், தெரியும். பாஷ் என்ற ஷெல்லில் அது ஓடும், டாஷ் என்ற ஷெல்லில் ஓடாது. ஷெல்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸ் உத்தரவாதம் தருவது ஆக்டலுக்கு மட்டும். எக்கோ பக்கமே போகாதே. மைனஸ் ஈ என்று ஆப்ஷன் கொடுத்தால், டாஷில் அது அந்த மைனஸ் ஈ-யையும் சேர்த்து அச்சிட்டு வைக்கும். மூர்த்தி அண்ணன் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டார், நீதான் கேட்கவில்லை.

இதெல்லாம் போகட்டும். நீ அனுப்பிய ஸ்கிரிப்டைப் பார்த்ததிலிருந்து வேறொன்று என்னை உறுத்துகிறது. இன்புட் முழுவதையும் ஒரு வேரியபிளில் பிடித்து வைத்து, அதிலிருந்து அனுப்புகிறாய். பூஜ்ய பைட் அங்கே தங்காது முரளி. பாஷ் அதை உதறிவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொள்ளும். கடைசியில் இருக்கும் நியூலைன்களும் போய்விடும். ஆர்கியுமென்ட்டாகக் கொடுத்தாலும் கதி இல்லை, சி மொழியில் சரம் (ஸ்ட்ரிங்) முடிகிற இடமே பூஜ்யம்தானே.

உங்கள் ஃபார்மட்டில் முன்னால் வரும் ஹெடரில் நீளத்துக்கு நான்கு பைட். 256-க்குக் குறைந்த எந்த நீளத்திலும் அதில் மூன்று பைட்டாவது பூஜ்யம். அப்படியென்றால் நீ பாஸ் என்று குறித்து வைத்த சோதனைகளில் அந்த புரோகிராம் உண்மையில் எதைப் படித்தது? சரியான ஹெடரை அது ஒருமுறையாவது பார்த்திருக்குமா?

வேரியபிளை எடுத்துவிடு. பிரிண்ட்எஃப்பின் அவுட்புட்டை நேராகப் பைப்பில் புரோகிராமுக்கு விடு, பெரிய இன்புட் என்றால் ஃபைலில் வைத்துக்கொண்டு திருப்பிவிடு. புரோகிராமுக்குக் கொடுக்குமுன் அதே பைப்பை, பைட்டுகளை ஹெக்ஸில் காட்டும் ஹெக்ஸ்டம்ப் மைனஸ் சி-க்கு (பெரிய எழுத்து சி) ஒருமுறை காட்டு. அந்த மூன்று பூஜ்யமும் வரிசையாக நிற்கிறதா என்று கண்ணால் பார். பார்த்துவிட்டு அந்த அவுட்புட்டை எனக்கு அனுப்பு. அதுவரை ரிலீஸுக்குச் சரி சொல்லாதே.

அன்புடன்,
ரகு