எங்கள் பிள்ளைகளின் விஷயத்தில் எங்களையும் உட்கார வையுங்கள்: மூன்றாவது கோரிக்கை மனு

பிரதேச செயலாளர் அவர்கட்கு,
கொழும்பு.

பொருள்: எமது கிராம உத்தியோகத்தர் பிரிவில் சிறுவர், குடும்ப சேவைகளைக் கவனிக்க அதிகாரிகளும் தோட்டத்து மக்களும் சேர்ந்த குழு ஒன்றை அமைத்துத் தருதல் தொடர்பாக

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக நான் தங்களுக்கு எழுதும் மூன்றாவது மனு இது. முதலாவதைச் சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரம் நேரில் கொண்டுவந்து கொடுத்தேன், முன் மேசையில் திகதி முத்திரை குத்தி ஒரு பிரதியைக் கையில் தந்தார்கள். இரண்டாவதை ஆடி வேல் முடிந்த கையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன், அந்தத் துண்டும் என்னிடம் இருக்கிறது. இரண்டுக்கும் பதில் வரவில்லை. தங்களுக்கு வேலை அதிகம் என்று தெரியும், அதனால் இந்த முறை சுருக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுத நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடுகள் நெருங்கிக் கிடக்கும் எங்கள் தோட்டத்தைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. களனி கங்கை ஏறி வந்த நேரம் நீங்களே காற்சட்டையை மடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் உள்ளே வந்தீர்கள், சனசமூக மண்டபத்தில் சமைத்த சோறும் பருப்பும் எங்களோடு சாப்பிட்டீர்கள். எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எந்த வீட்டில் எழும்ப முடியாத கிழவி இருக்கிறார் என்று உங்கள் அதிகாரிகளுக்கு ஒவ்வொரு கதவாகக் காட்டியது எங்கள் பெண்கள்தான். அன்றைக்கு எங்கள் பேச்சைக் கேட்டு வேலை செய்தீர்கள். அதைத்தான் பிள்ளைகளின் விஷயத்திலும் செய்யுங்கள் என்று கேட்கிறோம்.

1. கிராம மட்டத்தில், பிரதேச மட்டத்தில், மாவட்ட மட்டத்தில் சிறுவர் அபிவிருத்திக் குழுக்கள் இருக்க வேண்டும் என்பது அரசாங்கமே வைத்த ஏற்பாடு. எங்கள் பிரிவில் அப்படி ஒரு குழு கூடியதை நான் இந்தப் பதினான்கு வருஷ மொண்டிசோரி வேலையில் ஒரு நாளும் பார்த்ததில்லை. ‘கிராமம்’ என்று பெயர் இருப்பதால் கொழும்புக்கு அது பெரிதாகப் பொருந்தாது என்று ஒரு அதிகாரி என்னிடம் சொன்னார். கிராம உத்தியோகத்தர் மட்டும் கொழும்பில் இருக்கலாமா?

2. கொழும்பில் ஒரு பிள்ளையின் வாழ்க்கை மூன்று ஆட்சிகளுக்கு நடுவே பிரிந்து கிடக்கிறது. சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் ஆளும் மத்திய அரசாங்கம். நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும் நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாண சபை. பிள்ளையைப் பிறந்த நாளிலிருந்து நிறுத்துப் பார்த்துக் கார்ட்டில் கோடு போட்ட மிட்வைஃப் மாநகர சபை. இதற்கு மேல் பாடசாலை, பொலிஸில் சிறுவர் மகளிர் பணியகம். ஒரு பிள்ளைக்கு ஐந்து கோப்பு இருக்கும், ஐந்தையும் ஒரு மேசையில் வைத்துப் பார்த்த ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார். நல்ல அதிகாரிகள் இருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. எங்கள் மிட்வைஃப் மழையிலும் வருவார். ஆனால் அவருக்குத் தெரிந்தது கோர்ட் வரைக்கும் போகாது.

3. இனிச் சொல்லப் போவதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். முதல் இரண்டு மனுவிலும் எழுதினேன், மறுபடியும் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்து அண்ணன் தங்கை இருவர். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்கு எட்டு. இரண்டு பேரும் என் மொண்டிசோரியில் படித்த பிள்ளைகள். தாய் 2022 தொடக்கத்தில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். போவதற்கு முன் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள், அந்தக் காலத்தில் அது இல்லாமல் எந்தத் தாயும் போக முடியாது. பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற இடத்தில் அம்மம்மாவின் பெயரை எழுதி, கையொப்பம் வாங்கி, அதிகாரி ஒருவர் வீட்டுக்கே வந்து, எத்தனை அறை, கக்கூஸ் உள்ளேயா வெளியேயா என்று எல்லாம் பார்த்துவிட்டுப் போனார். அந்த அம்மம்மா விடிய மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிற மனுஷி. பிள்ளைகள் ஒரு நாள் பட்டினி கிடந்ததில்லை, ஒரு நாள் அழுக்குச் சட்டையோடு பள்ளிக்கூடம் போனதில்லை.

தகப்பன்தான் பிரச்சினை. போதைத் தூள் பாவிக்கத் தொடங்கியதிலிருந்து தாய் அனுப்பும் காசைக் கேட்டு ராத்திரியில் வந்து கதவில் அடிப்பான், குறுக்கே வந்த பையனையும் அடிப்பான். எட்டு மாதமாக இதை நாங்கள் ஒவ்வொரு இடமாகச் சொன்னோம். ஒரு இடத்தில் பொலிஸுக்குப் போகச் சொன்னார்கள், பொலிஸில் குடும்பப் பிரச்சினை என்றார்கள், இன்னொரு இடத்தில் தாய் வந்து முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்றார்கள். தாய் குவைத்தில்! கடைசியில் பெப்ரவரியில் ஒரு ராத்திரி பையனின் காதில் இருந்து இரத்தம் வந்ததைப் பார்த்துவிட்டு சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு போன் எடுத்தது நான்தான் ஐயா. அந்த மனுஷனைப் பிள்ளைகளிடமிருந்து தள்ளி வைப்பார்கள் என்று நம்பித்தான் எடுத்தேன்.

பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். அவன் இன்றைக்கும் சந்தியில் நிற்கிறான்.

பையன் ஒரு இல்லத்தில், தங்கை வேறொரு இல்லத்தில். ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒரே இடம் இல்லையாம். ஒன்றுக்குப் போக இரண்டு பஸ், மற்றது வேறு திசை. பார்க்க விடுவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு இல்லத்துக்கும் அதே ஞாயிறு. அம்மம்மா ஒரு மாதம் பேரனையும் மறு மாதம் பேத்தியையும் பார்க்கிறார், அப்படியென்றால் ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் தன் வீட்டு முகத்தைப் பார்க்கிறது. தாய் வெள்ளிக்கிழமைகளில் வீடியோ கோல் எடுத்தால் வெறும் அறையைக் காட்ட வேண்டியிருக்கிறது.

அம்மம்மாவிடம் ஒரு சொப்பிங் பை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், மிட்வைஃப் கார்ட், பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, அந்தப் பழைய பின்னணி அறிக்கையின் பிரதி, கோர்ட்டிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் அதற்குள். கடிதங்கள் அத்தனையும் சிங்களத்தில். அவருக்குக் கடைச் சிங்களம் நன்றாகத் தெரியும், கோர்ட் சிங்களம் தெரியாது. காட்டிய இடத்தில் கையொப்பம் வைத்திருக்கிறார். எதற்கு வைத்தோம் என்று பிறகு என்னிடம் கேட்டார், நான் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசித்தேன். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் 13 ஆவது திருத்தம் சொல்லி எத்தனை வருஷம்?

போன மாதம் பேத்தியைப் பார்க்கப் போனபோது அம்மம்மாவோடு நானும் போனேன். பிள்ளை மெலியவில்லை, சுத்தமாக இருந்தாள், இல்லத்தைக் குறை சொல்லமாட்டேன். தமிழ் மொழிமூலத்தில் மூன்றாம் வகுப்புக்குப் போனவளை அங்கே பக்கத்தில் தமிழ்ப் பாடசாலை இல்லை என்று சிங்கள வகுப்பில் போட்டிருக்கிறார்கள். கொப்பியில் தன் பெயரைச் சிங்களத்தில் வடிவாக எழுதிக் காட்டினாள். சிங்களம் படிப்பது நல்லதுதான், எங்கள் தோட்டத்தில் அது தெரியாத பிள்ளை இல்லை. தமிழில் எழுது பார்ப்போம் என்றேன். மூன்றாவது எழுத்துக்கு வந்ததும் சுழியை எந்தப் பக்கம் திருப்புவது என்று பேனையைத் தாளில் வைத்தபடி நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நாலு வயதில் கையைப் பிடித்து அந்தச் சுழியை அவளுக்குப் பழக்கியது நான். ஏழு மாதத்துக்குள் இப்படி என்றால் இன்னும் இரண்டு வருஷத்தில் அம்மம்மாவோடு எதைப் பேசுவாள்?

இதில் எதுவுமே நடந்திருக்கத் தேவையில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்திலேயே பிள்ளையை உறவினர் ஒருவரிடம் ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு வழி இருக்கிறது. 2005 இன் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பிள்ளை யாரோடு வசிக்கிறதோ அவரே நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்டு அடிப்பவனை வீட்டுப் பக்கம் வராமல் தடுக்கலாம். 2019 இன் மாற்றுப் பராமரிப்புத் தேசியக் கொள்கை இல்லத்தில் விடுவது கடைசி வழி என்கிறது. சட்டம் இருக்கிறது, கொள்கை இருக்கிறது, அம்மம்மாவும் இருக்கிறார். இப்படி ஒருவர் இருக்கிறார் என்று நீதவானுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லாமல் போனது. நீதவான் தன் முன் வைத்த தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். ‘பராமரிக்கத் தகுந்தவர் இல்லை’ என்று அந்தத் தாளில் எழுதியவர் எங்கள் தோட்டத்துக்குள் காலே வைக்கவில்லை. தாயை அனுப்பும்போது அம்மம்மா தகுந்தவர், பிள்ளையை எடுக்கும்போது தகாதவர், இது என்ன நியாயம் ஐயா? அதே அரசாங்கம்தானே இரண்டு தாளையும் எழுதியது?

4. அதனால் நாங்கள் கேட்பது இதுதான். எங்கள் பிரிவுக்கு ஒரு குழு. கிராம உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், மிட்வைஃப், பொலிஸ் பணியகத்திலிருந்து ஒருவர், பாடசாலை ஆசிரியர் ஒருவர். எங்கள் பக்கத்தில் மொண்டிசோரி, மரண வீடுகளுக்கு உதவும் மரணாதார சங்கம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், அதோடு தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளை வளர்க்கிற இரண்டு பேர், கட்டாயம் அவர்கள் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை, தமிழிலும் சிங்களத்திலும். ஒரு பிள்ளையைப் பற்றி அறிக்கை எழுதும் முன் வீட்டுக்கு யார் போனார்கள், எப்போது போனார்கள் என்று அந்தக் கூட்டத்தில் கேட்கும் உரிமை எங்களுக்கு வேண்டும், பதில் எழுத்தில் வர வேண்டும். சிரமதானத்துக்கும் சிறுவர் தினத்துக்குக் கதிரை அடுக்கவும் கூப்பிட்டால் வருவோம், ஆனால் அது போதாது.

குழு அமைத்தால் வீட்டு விஷயம் ஊர் வாய்க்குப் போகும் என்ற பயம் எங்களுக்கும் உண்டு. பெயர் சொல்லிப் பேசும் பகுதியில் அந்தப் பிள்ளையோடு சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் இருக்கட்டும், வெளியே கதைத்தவரை நீக்குங்கள். இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறோம்: அடிபடுகிற பிள்ளையை, அதைவிடக் கேவலமானது நடக்கிற பிள்ளையை, குடும்ப மானம் என்று சொல்லிச் சமாதானம் பேசி மூடி மறைக்க இந்தக் குழுவைக் கேட்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் பொலிஸும் 1929ம் அன்றைக்கே வர வேண்டும். நாளைக்கும் தேவைப்பட்டால் நான் போன் எடுப்பேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், இந்த இரண்டு பிள்ளைகளுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு தோட்டத்தில் வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். ‘டீச்சர் போன் பண்ணித்தானே பிள்ளைகள் போச்சு’ என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். இப்போது அடி விழும் வீடு ஒன்று இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

5. நீதிமன்றத்துக்கோ மாகாண சபைக்கோ மாநகர சபைக்கோ கட்டளையிடத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று பதில் வரலாம். சரி, கட்டளையிட வேண்டாம். கூப்பிட்டு உட்கார வைக்க உங்களால் முடியும். வெள்ளத்தன்று ஒரே மணித்தியாலத்தில் பொலிஸையும் மாநகர சபையையும் கடற்படைப் படகையும் எங்கள் மண்டப வாசலுக்குக் கொண்டுவந்தவர் நீங்கள்தானே.

6. பதில் தாருங்கள். முடியாது என்றாவது எழுத்தில் தாருங்கள். 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டால் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியும், அந்தப் படிவத்தை எடுத்தும் வைத்திருக்கிறேன். அதை நிரப்ப விருப்பமில்லை. எங்களோடு இருந்து சாப்பிட்ட ஒருவரோடு சட்டம் பேச மனம் வரவில்லை. ஆனால் அம்மம்மாவுக்கு அறுபத்தொன்பது வயது ஐயா, அவருக்குக் காத்திருக்க எவ்வளவு காலம் இருக்கிறது?

கோர்ட்டில் பிள்ளைகளின் அடுத்த தவணை நவம்பரில். அதற்கு முன் முதல் கூட்டத்தைக் கூட்டுங்கள், நன்னடத்தை உத்தியோகத்தரை ஒரே ஒரு தடவை அந்த வீட்டுக்குக் கூட்டிவாருங்கள், விடிய நாலு மணிக்கு வந்தாலும் அம்மம்மா விழித்திருப்பார். அவர் அந்தச் சொப்பிங் பையைத் திறந்து காட்டட்டும், பார்த்ததை மட்டும் எழுதி நீதவானிடம் கொடுக்கட்டும். கெஞ்சிக் கேட்கிறோம், நவம்பருக்கு முன்.

மண்டபத்தின் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. நாளைச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தோட்டத்து மொண்டிசோரி ஆசிரியையும்
இத்துடன் இணைத்த தாள்களில் கையொப்பமிட்ட 63 குடும்பத்தினரும்

இணைப்பு: முதல் மனுவின் முத்திரையிட்ட பிரதி, பதிவுத் தபால் துண்டின் பிரதி, அம்மம்மாவின் சம்மதத்துடன் குடும்பப் பின்னணி அறிக்கையின் பிரதி