விலையை ஏன் ஒளிக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கம் இப்போது வீட்டிலிருந்தே முகநூலில் பனங்கட்டி, ஒடியல் மா, மிளகாய்த்தூள், தைத்த உடுப்பு என்று விற்கிற பெண்கள் நிறையப் பேர், கடை வாடகை இல்லாமல் பிழைக்க ஒரு வழி கிடைத்தது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் விலை கேட்டால் பலர் "இன்பொக்ஸுக்கு வாங்கோ" என்கிறார்கள். ஏன்? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வியாபாரிகளை விலையைக் காட்சிப்படுத்தச் சொல்கிறது. ஊர்க்கடைக்காரர் பலகையில் எழுதுகிறாரே, போனில் விற்பவர் ஒரு வரி எழுதினால் என்ன?

சனமும் முன்னைப்போல இல்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழிக்கிறார்கள், வாங்க முதல் நாலு இடத்தில் விலை பார்க்கிறார்கள், எங்கே செய்தது, எப்போது பொதி செய்தது, சீனி கலந்ததா என்றெல்லாம் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். ஆளுக்கொரு விலை சொன்னால் அடுத்த நாளே அது வட்ஸ்அப் குழுவில் வந்துவிடும், அப்புறம் எவ்வளவு நல்ல சாமான் என்றாலும் யார் நம்புவார்கள்?

சுயதொழில் பயிற்சி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: படம் எடுத்துப் பதிவிடப் பழக்குவது சரி, அதோடு பொதியில் நிறை, திகதி, விலை மூன்றையும் எழுதவும் பழக்குங்கள்.

ஒரு வாசகர்,
மாங்குளம்