வெல்லத்தைக் கேட்டு போன் செய்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

காவேரிப்பட்டணத்தில் ஒரு வீட்டில் ஸ்பேனியல் நாய் சும்மா கொடுக்கிறார்களாம் என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ, அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். வெல்லம் என்கிற அந்த நாயைக் கொடுப்பது உண்மை. பணம் வாங்கவில்லை என்ற கணக்கில் பார்த்தால் சும்மா என்பதும் உண்மைதான். மீதிக் கதையை மாதக்கணக்கில் ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது, இதுவரை 31 பேர் கூப்பிட்டிருக்கிறீர்கள், அதில் பாதிப் பேர் ‘பேப்பர் இருக்கா?’ என்றுதான் ஆரம்பித்தீர்கள், அடுத்த கேள்வி ‘குட்டி போடுமா?’. அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடுகிறேன்.

பேப்பர், அதாவது வம்சாவளிச் சான்றிதழ், இல்லை. குட்டி போட மாட்டாள், ஐப்பசியில் கருப்பையை எடுத்தாயிற்று. இந்த இரண்டுக்காகக் கேட்டவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் கோபமில்லை.

வைகாசிக் கடைசியில், மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு முன்னால் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற நாட்களில், ராயக்கோட்டை ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் நைலான் கயிற்றால் கட்டிக் கிடந்தாள். பால்காரர் ஒருவர் பார்த்து, நாய்களை மீட்கிற ஓசூர்ப் பெண்கள் சிலரிடம் சொல்ல, அவர்கள் எனக்குப் போன் செய்து ‘அக்கா, ஒரே ஒரு வாரம், அதுக்குள்ள ஆள் பாத்துடறோம்’ என்றார்கள். இப்போது மார்கழி. (அவள் என்றுதான் எழுத வருகிறது, அது என்று எழுதினால் கை கூசுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

வந்த அன்று எடை 8 கிலோ 400 கிராம். அவள் உடம்புவாகுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். முடி முழுக்கத் தேங்காய் நார் போலச் சடை பிடித்துக் கிடந்தது, எங்கள் தெருவில் சலூன் வைத்திருக்கும் அண்ணன் ட்ரிம்மரோடு வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து மழித்தார், காசு வாங்கவில்லை. அடியில் பார்த்தால் அச்சு வெல்லத்தின் நிறம். பெயர் அப்படி வந்ததுதான். பல்லைப் பார்த்த டாக்டர் ஆறு ஏழு வயது இருக்கும் என்றார், தொங்கிப்போன முலைகளைப் பார்த்து எத்தனை ஈற்றோ என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். பன்னிரண்டு பதினான்கு வயது வரை இருக்கிற ஜாதி இது. அப்படியென்றால் பாதி ஆயுள் இன்னும் மிச்சம், அந்தப் பாதியைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொல்லிப் பயனில்லை. முதலில் காட்டிய கிளினிக்கில் (பெயர் வேண்டாம்) கண்நோய் என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். மூன்று வாரம் விட்டோம். பீளை பச்சையாக, பசை போல இழுத்துக்கொண்டு வந்ததே தவிர நிற்கவில்லை, காலையில் இமை ஒட்டிக்கொண்டு, பாவம், சுவரில் முட்டிக்கொண்டு வருவாள். அப்புறம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். பெங்களூரு ஹெப்பாலில் இருக்கிற கால்நடைக் கல்லூரிதான் எங்களுக்குக் கிட்டே, ஆனால் என் கன்னடம் தக்காளி பேரம் பேசுகிற அளவுக்குத்தான், கண் விஷயத்தில் அதை நம்ப முடியாது. வாடகைக் கார். தொப்பூர் கணவாய் இறங்குவதற்குள் இரண்டு வாந்தி, டிரைவர் தம்பியிடம் பேச்சு வாங்கியது தனிக்கதை.

அங்கே செய்த சோதனை எளிமையானது. பள்ளிக்கூட லேப்பில் லிட்மஸ் தாள் பார்த்திருப்பீர்கள், அதைப் போல மெல்லிய காகிதப் பட்டை, அதன் நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் செருகி ஒரு நிமிடம் பிடிக்கிறார்கள். கண்ணீர் அந்தத் தாளை எவ்வளவு தூரம் நனைக்கிறது என்பதுதான் கணக்கு. 15 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் நல்ல கண், பத்துக்குக் கீழே போனால் கண் காய்கிறது என்று அர்த்தம். வெல்லத்துக்கு வலது கண் 3, இடது கண் 5. கண்ணீர்ச் சுரப்பியை உடம்பின் எதிர்ப்பு சக்தியே தாக்குவதால் வருகிற கோளாறு இது, காக்கர் ஸ்பேனியல்களிடம் அதிகம் பார்க்கலாம் என்றார்கள். கண்ணீர் வற்றிய இடத்தில் சளிதான் மிஞ்சுகிறது, அதைத்தான் நாங்கள் மூன்று வாரம் கண்நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சைக்ளோஸ்போரின் களிம்பு எழுதிக் கொடுத்தார்கள், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். இருக்கிற வரைக்கும் என்றார் அந்த டாக்டரம்மா.

காலை ஒன்பது, இரவு ஒன்பது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சை இமை மேல் ஒரு நிமிடம் வைத்து, பீளையைத் துடைத்து, கீழ் இமையை மெதுவாக இழுத்து, அரிசி நீளத்துக்குக் களிம்பு வைத்து, இமையை மூடிவிட வேண்டும். முன்னால் நின்று குனிந்தால் பயப்படுவாள், பக்கத்தில் உட்கார்ந்து பின்பக்கமாகக் கையைக் கொண்டுவர வேண்டும். இப்போது வலது 11, இடது 13 வந்திருக்கிறது. தருமபுரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் விட்டுப்போனது, மூன்றாம் நாளே பச்சைப் பீளை திரும்ப வந்துவிட்டது. ஆகவே ‘கொஞ்ச நாள்ல சரியாயிடும்ல?’ என்று கேட்டவர்களுக்கு: ஆகாது. அப்படியே விட்டால் கருவிழி புண்ணாகிப் பார்வை போகும்.

காது அடுத்தது. நாயின் காதுக்குழாய் நம்முடையதைப் போல நேராகப் போகாது, கீழே இறங்கி உள்ளே வளையும். அதன் மேல் இவளுக்கு இரண்டு வெற்றிலை அளவு காது மூடிபோலத் தொங்குகிறது, உள்ளே ஈரமும் சூடும், ஈஸ்ட் வளர வேறென்ன வேண்டும். காதைத் தூக்கினாலே புளித்த மாவு வாசம் அடித்தால் உள்ளே பூஞ்சை கிளம்பிவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். வாரம் ஒரு முறை காது கழுவுகிற மருந்தை ஊற்றி, காதின் அடிப்பகுதியை விரலால் பிசைய வேண்டும், சளக் சளக் என்று சத்தம் கேட்கும், அப்புறம் கையை எடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், தலையைச் சிலுப்பினால் உங்கள் சட்டை, சுவர், காலண்டர் எல்லாம் தெறிக்கும். வெளியே வந்ததைப் பஞ்சால் துடைத்தால் போதும், பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள். ஆடியில் ஒரு நாள் சீழ் பிடித்த காதைத் தொட்ட என்னை அவள் கடித்துவிட்டாள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் 0, 3, 7, 28 என்று நாலு நாள் ஊசி போட்டுக்கொண்டேன். இதை மறைத்து ஒரு குழந்தை இருக்கிற வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. காது ஆறிய பிறகு கடிக்கவில்லை, ஆனால் வலித்தால் கடிப்பாள்.

சாப்பிடும்போது அந்தக் காது இரண்டும் தயிர்சாதத்தில் போய் விழும். தட்டு வேண்டாம், வாய் குறுகலான ஒரு குண்டானில் வையுங்கள், காது வெளியே நிற்கும். இல்லையென்றால் என் அப்பா செய்தது போல, பழைய சட்டையின் கையை வெட்டித் தலையில் மாட்டிவிடலாம், மொட்டாக்குப் போட்ட கிழவி மாதிரி உட்கார்ந்து சாப்பிடுவாள். இந்த அப்பாதான் முதல் நாள் ‘நாய் நடைக்கு உள்ளே வரக்கூடாது’ என்றவர்.

உண்ணிக் காய்ச்சல் வந்து போய்விட்டது. ஆனியில் மூக்கில் ரத்தம் வந்தது, பிளேட்லெட் 42,000-க்கு இறங்கியிருந்தது, டாக்சிசைக்ளின் 28 நாள் கொடுத்தோம். ரத்தம் தேறுகிறவரை காத்திருந்ததால்தான் கருத்தடை ஆபரேஷன் ஐப்பசி வரை தள்ளிப்போனது. உண்ணிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு மாத்திரை, வருடத்துக்கு ஒரு முறை ரேபிஸ் ஊசி. கண், காது, தோல் எல்லாம் சேர்த்து எனக்கு மாதம் மருந்துக்கு மட்டும் 1,500 ரூபாய் போகிறது, சாப்பாடு தனி. இன்று எடை 11 கிலோ 200.

இனி உங்களில் சிலரைப் பற்றி. மாங்காய் மண்டி வைத்திருக்கிற அண்ணா, காவலுக்குக் கேட்டீர்கள். புதரில் பதுங்கியிருக்கிற பறவையைக் கிளப்பிவிட வளர்த்த ஜாதி இது, காக்கர் என்ற பெயரே வுட்காக் என்ற பறவையை வேட்டையாடியதால் வந்தது. திருடன் வந்தால் இவள் வாலோடு சேர்த்து இடுப்பையும் ஆட்டி வழி காட்டுவாள். மண்டியில் இன்னொரு ஆபத்து மாங்கொட்டை. போன சீசனில் ஒரு கொட்டையை முழுசாக வாயில் போட்டுவிட்டாள், அப்பா தாடையைத் திறந்து விரல் விட்டு எடுத்தார், உள்ளே போயிருந்தால் குடலில் அடைத்து வயிற்றைக் கிழிக்க வேண்டியிருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

பையன் பிறந்தநாளுக்குச் சர்ப்ரைஸாகக் கொடுக்கக் கேட்ட சார், மன்னிக்கவும், ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள். நைட் ஷிஃப்ட் போகிற ஓசூர்த் தங்கை, உங்களைப் பிடித்திருந்தது, ஆனால் இரவு ஒன்பது மணி மருந்தை யார் போடுவார் என்று கேட்டதும் நீங்களே ‘அதான் அக்கா யோசிக்கிறேன்’ என்று சொன்னீர்கள், அந்த நேர்மைக்கு நன்றி, ரூம்மேட் யாராவது ஒத்துக்கொண்டால் திரும்பக் கூப்பிடுங்கள். கருத்தடை செய்ததைச் சொன்ன பிறகும் ‘அத மறுபடி சரி பண்ண முடியாதா மேடம்?’ என்றவருக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை.

நான் கேட்கிற ஆதார் நகல், வீட்டைப் பார்க்க வருவேன் என்கிற நிபந்தனை, இதெல்லாம் ஓவர் என்று சிலர் சொன்னீர்கள். பெண் கொடுக்கிற மாதிரி விசாரிக்கிறாயே என்று என் பெரியம்மாகூடச் சிரித்தார். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவு, வளர்க்கிற பிராணியைப் பசியும் தாகமும் பட விட்டுவிட்டுப் போவது குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயில் தொடங்கி அதிகபட்சம் ஐம்பது ரூபாய். எங்கள் ஊர் நிப்பட்டுத் தட்டை ஒரு பாக்கெட்டுக்கே அது பத்தாது. சட்டம் அவ்வளவுதான் பார்த்துக்கொள்ளும் என்றால் மீதியை நான்தான் பார்க்க வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் என்னிடமே திருப்பிக் கொடுங்கள், ராத்திரி இரண்டு மணியானாலும் கதவைத் திறப்பேன், ஒரு கேள்வி கேட்க மாட்டேன். ரோட்டில் மட்டும் இறக்கிவிடாதீர்கள்.

சரி, ‘இவ்வளவு பாசம் இருந்தா நீங்களே வெச்சுக்க வேண்டியதுதானே’ என்று கேட்டவர்களும் இருக்கிறீர்கள், நியாயம்தான். வாடகை வீடு, ஏற்கெனவே இரண்டு நாட்டு நாய்கள், வீட்டுக்காரர் தை வரைக்கும்தான் பொறுத்துக்கொள்வேன் என்றிருக்கிறார். நானும் அப்பாவும் வெளியே போகிற நாளில் களிம்புக்கு ஆளில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், புரட்டாசியில் கூப்பிட்ட தருமபுரி நாலு ரோட்டுக் குடும்பம் நல்ல குடும்பம், அவர்கள் வீட்டு மாடிப்படியைக் காரணம் காட்டி நான் வேண்டாம் என்றேன், படி எல்லாம் ஒரு விஷயமே இல்லை, அன்றைக்கு எனக்குக் கொடுக்க மனமில்லை. அந்த அம்மாவிடம் இதன் வழியாகவே மன்னிப்புக் கேட்கிறேன். இன்னும் விருப்பம் இருந்தால் நீங்களும் வாருங்கள்.

31 பேரில் ஒருவர்தான் முதல் கேள்வியாக ‘மருந்து எத்தனை மணிக்கும்மா?’ என்று கேட்டார். பாலக்கோட்டில் ரிட்டயர் ஆன பெரியவர். கண் அழுத்தத்துக்காக அவரே தினம் ராத்திரி சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறாராம், ‘எனக்கு விடறப்போ அதுக்கும் விட்டுட்டாப் போச்சு’ என்றார். மருமகளுக்கு இன்னும் சம்மதமில்லை, நாயைப் பார்த்த பிறகு சொல்கிறேன் என்றிருக்கிறார், வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருகிறார். அதனால் எதுவும் முடிவாகவில்லை, மற்றவர்களும் அன்றைக்கே வரலாம்.

காலை எட்டே முக்காலுக்குள் வந்துவிடுங்கள், ஒன்பது மணிக் களிம்பை நீங்களே போட்டுப் பார்க்கலாம். நான் பக்கத்தில் நிற்பேன், கையைப் பிடிக்க மாட்டேன். பிஸ்கட் வேண்டாம், கோதுமை தின்றால் விடிய விடியச் சொறிகிறாள். கேட்டைத் திறக்கும்போது கொஞ்சம் கீழே பார்த்துத் திறங்கள், இடுக்கில் மூக்கை நீட்டிக்கொண்டிருப்பாள்.