எங்கள் தெருக் காய்ச்சலைக் கவனித்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். டெங்குக் காய்ச்சலிலிருந்து தேறி மகள் திரும்பப் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

முதலில் தெருமுனை மருந்துக்கடை அண்ணன். பாராசிட்டமால் வாங்கப் போன என்னிடம், "உங்க தெருவிலிருந்து நீங்க நாலாவது ஆள் சார். பாப்பாவுக்கு ரத்தம் பார்த்துடுங்க" என்றார். அதோடு விடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். நாலு வீட்டுக்காரர்களும் நாலு டாக்டரிடம் ஓடிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக் காய்ச்சல் எங்களுக்கே தெரியாது. கல்லாவில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்தது.

காய்ச்சல் வந்த 3-ஆம் நாளே டெங்குவைக் கண்டறியும் என்எஸ்1 ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிய டாக்டருக்கும், முடிவை அன்றே சுகாதாரத் துறைக்கும் தெரிவித்த ஆய்வகத் தம்பிக்கும் நன்றி. 2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் களப்பணியாளருக்கு எஸ், மருத்துவருக்கு பி, ஆய்வகத்துக்கு எல் என்று தனித்தனிப் படிவம் உண்டாம். சுகாதார ஆய்வாளர் சொல்லித்தான் தெரியும். படிவம் என்றாலே எனக்குச் சலிப்பு. ஆனால் மகளின் பெயர் அதில் ஏறிய மறுநாள் காலையிலேயே தெருவில் சுகாதாரத் துறை ஆட்கள் எட்டுப் பேர் நின்றார்கள். "புகை அடிங்க" என்று சண்டை போட்டவர்களிடம் (நானும்தான்) ஆய்வாளர் பொறுமையாகச் சொன்னார்: புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது.

அப்புறம், கொசுப்புழு பார்க்க வரும் அக்கா. அவரிடம் முதலில் மன்னிப்புதான் கேட்க வேண்டும். "எங்க வீட்ல எல்லாம் சுத்தம்" என்று எத்தனை முறை வாசலோடு அனுப்பியிருப்பேன்! அன்று நேராகச் சமையலறைக்குப் போய், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை உருவி டார்ச் அடித்தார். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து அடியில் இறங்கின. அப்படி ஒரு தட்டு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "கொட்டினா மட்டும் போதாது, தேய்ச்சுக் கழுவுங்க. முட்டை ஓரத்துல ஒட்டியிருக்கும், காய்ஞ்சாலும் மாசக்கணக்குல சாகாது" என்றார். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதுமாம். வாரா வாரம் அவர் கதவைத் தட்டியதற்குக் கணக்கு அதுதான்.

அக்கா, புதன்கிழமை வாருங்கள். தட்டைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். மொட்டைமாடித் தொட்டியை மட்டும் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏணி எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா