பிரிண்டர் பெட்டியின் மேல் அச்சிட வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய பிரிண்டர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் மதிப்புரைகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு எத்தனை பக்கம், மை எத்தனை நாள் வரும் என்பதோடு நின்றுவிடுகின்றன. கணினிப் பராமரிப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் நான் பார்ப்பது வேறு. வாங்கியவர்கள் திணறுவது அச்சின் தரத்தில் அல்ல. பெட்டியைப் பிரித்ததற்கும் முதல் பக்கம் வெளிவருவதற்கும் இடைப்பட்ட நேரத்தில்தான். அந்தத் திணறலில் பெரும்பகுதிக்குக் காரணம் பிரிண்டரின் கோளாறு அன்று, சொல்லப்படாத தகவல்கள். அவற்றைப் பெட்டியின் வெளிப்புறத்திலேயே அச்சிட வேண்டும் என்பதை உற்பத்தியாளர்களின் கவனத்துக்குக் கொண்டுசெல்லவே இதை எழுதுகிறேன்.

அடிக்கடி எதிர்ப்படும் சிக்கலையே எடுத்துக்கொள்கிறேன். இன்றைய ரூட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தருகின்றன. வீட்டு உபயோகத்துக்காக விற்கப்படும் பிரிண்டர்களில் பல 2.4-இல் மட்டுமே இணையக்கூடியவை. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கத்தை அனுப்ப அந்த வேகம் தாராளம், சுவர்களைத் தாண்டிச் செல்வதிலும் அதுவே மேல். ஆனால் கைபேசி வழக்கமாக 5-இல் இணைந்திருக்கும். பிரிண்டர் நிறுவனத்தின் செயலி, கைபேசி அப்போது இருக்கும் வைஃபையின் பெயரையே பிரிண்டரிடம் ஒப்படைக்கப் பார்க்கும். அந்தப் பெயர் பிரிண்டரின் கண்ணுக்கே தெரியாது. விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டே இருக்கும். கடைசியில் 'இணைக்க முடியவில்லை, மீண்டும் முயலவும்' என்று மட்டும் திரையில் வரும். காரணம் சொல்லப்படாததால் மனிதர்கள் கடவுச்சொல்லைச் சந்தேகிக்கிறார்கள், ரூட்டரை அணைத்துப் போடுகிறார்கள், சிலர் ரூட்டரின் அமைப்பையே அழித்துவிட்டு வீட்டிலுள்ள அத்தனை சாதனங்களையும் மறுபடி இணைக்க வேண்டிய நிலைக்கு ஆளாகிறார்கள். செய்ய வேண்டியதெல்லாம் கைபேசியை 2.4 அலைவரிசைக்குரிய பெயருக்கு மாற்றிவிட்டு மீண்டும் தொடங்குவதுதான். இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர் இருந்தால், ரூட்டர் அமைப்புக்குள் சென்று 5-ஐச் சிறிது நேரம் நிறுத்திவைக்கலாம். பிரிண்டர் ஒருமுறை இணைந்துவிட்டால் கைபேசி தாராளமாக 5-க்குத் திரும்பலாம். இரண்டும் ஒரே ரூட்டரின் கீழ் இருப்பதால் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். விருந்தினர் வைஃபையில் மட்டும் கைபேசியையோ பிரிண்டரையோ இணைக்கக் கூடாது. அதிலுள்ள சாதனங்கள் வீட்டின் மற்ற சாதனங்களைக் காணாதபடி தடுப்பதுதான் அதன் வேலை. இவ்வளவையும் நான்கு வரிகளில் அச்சிட்டுவிடலாம்.

செயலிகள் கேட்கும் அனுமதிகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். அருகிலுள்ள வைஃபை பெயர்களைத் தேடுவதற்கு ஆண்ட்ராய்டில் நெடுங்காலம் இருப்பிட அனுமதி தேவைப்பட்டது. 13-ஆம் பதிப்பிலிருந்துதான் அருகிலுள்ள வைஃபை சாதனங்களுக்கென்று தனி அனுமதி வந்தது. ஐபோனில் 2020-இல் வெளிவந்த ஐஓஎஸ் 14 முதல், வீட்டு வலையமைப்பிலுள்ள சாதனங்களைத் தேட ஒரு செயலி தனியாக அனுமதி பெற வேண்டும். ஒரு பிரிண்டருக்கு என் இருப்பிடம் எதற்கு என்று கேட்டு மறுப்பவரின் எச்சரிக்கை நியாயமானது. ஆனால் மறுத்தபின் செயலியால் பிரிண்டரைக் காண முடியாது, ஏன் காண முடியவில்லை என்பதையும் அது சொல்லாது. கேள்வி கேட்பவரைத் தண்டிப்பதைப் போல இருக்கிறது இந்த ஏற்பாடு.

இத்தனைக்கும், அன்றாடம் அச்சிட அந்தச் செயலியே தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. தனிச் செயலி இல்லாமலே ஐபோனிலிருந்து அச்சிட உதவும் ஏர்பிரிண்ட் வசதியை ஆப்பிள் நிறுவனம் 2010-இலேயே கொண்டுவந்துவிட்டது. கேனான், எச்.பி., சாம்சங், ஜெராக்ஸ் ஆகிய நிறுவனங்கள் 2013-இல் சேர்ந்து தொடங்கிய மோப்ரியா கூட்டமைப்பு ஆண்ட்ராய்டு உலகுக்கு அதே வழியைத் திறந்தது. ஆண்ட்ராய்டு 8 முதல் அச்சிடும் சேவை கைபேசியிலேயே உள்ளடங்கி வருகிறது. பிரிண்டர் இவற்றை ஏற்கும் வகையாக இருந்து வைஃபையில் இணைந்துவிட்டால், எந்த ஆவணத்தைத் திறந்தும் 'பிரிண்ட்' என்பதைத் தொட்டவுடன் அதன் பெயர் பட்டியலில் வந்து நிற்கும். வைஃபையில் இணைப்பதற்குக்கூட, திரையுள்ள மாடல்களில் பிரிண்டரின் திரையிலேயே வழி இருக்கும், டபிள்யூ.பி.எஸ். பொத்தான் உள்ள ரூட்டராக இருந்தால், அதையும் பிரிண்டரின் வைஃபை பொத்தானையும் இரண்டு நிமிடங்களுக்குள் அழுத்தினாலே போதும், கடவுச்சொல்லும் வேண்டியதில்லை. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் ஒற்றைத் தாள் இவற்றில் எதையும் சொல்வதில்லை. அதில் இருப்பவை ஒரு க்யூஆர் குறியீடும் ஓர் அம்புக்குறியும். அம்பைப் பின்தொடர்ந்தால் செயலி, பிறகு கணக்குத் தொடங்கல், மின்னஞ்சல் உறுதிப்பாடு, நடுவில் மாதக் கட்டணத்தில் மை பெறும் சந்தாவுக்கான அழைப்பு. ஒரு பக்கத்தை அச்சிட வந்தவரை வாடிக்கையாளர் பட்டியலில் ஏற்றுவதற்குத்தான் அந்தத் தாள் அதிகம் பயன்படுகிறது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

சில மாடல்கள் கணக்கும் தொடர் இணைய இணைப்பும் இருந்தால்தான் இயங்கும் என்ற நிபந்தனையோடே விற்கப்படுகின்றன. நிறுவனத்தின் சர்வரை நம்பி அமையும் வசதி அந்த நிறுவனம் விரும்பும் வரைதான் இருக்கும். இணையம் வழியாக அச்சிடப் பலர் நம்பியிருந்த கூகுள் கிளவுட் பிரிண்ட் சேவை 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டதை இங்கு நினைவூட்டலாம்.

இனி, ஒரு மாதம் ஒழுங்காக ஓடிய பிரிண்டர் திடீரென்று கணினியில் மட்டும் 'ஆஃப்லைன்' என்று காட்டும் கதை. வலையமைப்பில் ஒரு சாதனத்தை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரியை ரூட்டர் ஒவ்வொரு சாதனத்துக்கும் தற்காலிகமாகத்தான் கொடுக்கிறது. நிறுவிய நாளில் பிரிண்டருக்கு 192.168.1.5 என்று கிடைத்திருக்கும். கணினி அதைக் குறித்துவைத்துக்கொள்ளும். மின்தடைக்குப் பிறகு அதே பிரிண்டருக்கு 192.168.1.8 கிடைத்துவிட்டால், கணினி பழைய முகவரியின் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். கைபேசி ஒவ்வொரு முறையும் பெயரைக் கொண்டு தேடுவதால் அதிலிருந்து அச்சு வந்துவிடும், அதனால் குழப்பம் இன்னும் கூடும். பிரிண்டரிலிருந்து வலையமைப்பு விவரத் தாளை அச்சிட்டு, அதிலுள்ள முகவரியைக் கணினியில் அந்த பிரிண்டருக்கான அமைப்பில், இணைப்பு விவரம் இருக்கும் போர்ட் பகுதியிலுள்ள முகவரியோடு ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். ரூட்டர் அமைப்பில் அந்த பிரிண்டருக்கென ஒரு முகவரியை ஒதுக்கிவைத்து, அதையே கணினியிலும் பதிந்துவிட்டால் இந்தத் தொல்லை திரும்பாது. இது தெரியாமல் பிரிண்ட் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவோர், இணைப்பு சரியானதும் ஒரே ஆவணத்தின் அத்தனை பிரதிகளும் வரிசையாக வந்து விழுவதைக் காண நேர்கிறது.

இன்னொன்று, கணினியை பிரிண்டரோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவரைத் தேடும் வேலை. விண்டோஸ் அப்டேட் வழியாக நிறுவனங்களின் தனித்தனி பிரிண்டர் டிரைவர்களை வழங்குவதைப் படிப்படியாகக் குறைத்து, பொதுவான நெறிமுறைக்கு மாறப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-இல் அறிவித்தது. நல்ல திசைதான். ஆனாலும் பழைய மாடல் வைத்திருப்பவர் டிரைவரைத் தேடி இணையத்தில் இறங்கும்போது, அசல் தளத்தைப் போலவே தோன்றும் போலித் தளங்களிலும் கட்டணம் பறிக்கும் போலி உதவி எண்களிலும் சிக்கிக்கொள்கிறார். அசல் தளத்தின் முகவரியை பிரிண்டரின் உடலிலேயே ஒட்டிவைத்தால் இந்த ஆபத்து பெருமளவு குறையும்.

ஒரே மேசையில் ஒரு கணினி, ஒரு பிரிண்டர் என்ற நிலையில் யூ.எஸ்.பி. கேபிளைவிட நம்பகமான வழி இல்லை. ஆனால் பல பெட்டிகளில் இப்போது அந்த கேபிளே இருப்பதில்லை. பிரித்துப் பார்த்த பிறகுதான் அது தெரிகிறது.

ஆகவே உற்பத்தியாளர்களிடம் கேட்பது இதுதான்: எந்த அலைவரிசை, ஏர்பிரிண்டும் மோப்ரியாவும் உண்டா, கணக்குத் தொடங்குவது கட்டாயமா, கேபிள் உள்ளே இருக்கிறதா, செயலி இல்லாமல் இணைக்கும் வழி என்ன என்ற விவரங்களைப் படிக்கக்கூடிய எழுத்தில் பெட்டியின் மேல் அச்சிடுங்கள். தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிரிண்டர்களை மதிப்பிட்டு எழுதுவோர் நிறுவனத்தின் செயலியை நிறுவாமல், கணக்கும் தொடங்காமல் ஒரு கைபேசியிலிருந்தும் ஒரு கணினியிலிருந்தும் அச்சிட முயன்று, அது முடிந்ததா இல்லையா என்பதை வேகத்தோடும் விலையோடும் சேர்த்து ஒரு வரியாவது எழுதினால், பணம் கொடுப்பதற்கு முன்பே வாசகர் முடிவெடுக்க இயலும்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புப் பணியிலுள்ள ஒரு வாசகர்